ஏஐ பில்லைப் படிக்கட்டும், கணக்கை அதனிடம் விடாதீர்கள்

மாதம் முந்நூறு, நானூறு கொள்முதல் பில் வரும் நிறுவனங்களில் 14ஆம் தேதியிலிருந்து 20ஆம் தேதி வரை கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தூக்கம் குறைவு. 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் நம் பெயரில் போர்ட்டலில் ஏற்றிய பில்களின் பட்டியல்) வரும், 20க்குள் 3பி (மாத வரிக் கணக்கு) தாக்கல் செய்ய வேண்டும். அதற்குள் கையில் உள்ள பில்லையும் 2பி-யில் உள்ளதையும் ஒத்துப் பார்த்து, விடுபட்டதற்கு சப்ளையரைத் துரத்த வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் 2பி-யில் வராத பில்லுக்கு இன்புட் கிரெடிட் (கொள்முதலில் கட்டிய வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழிப்பது) எடுக்க முடியாது. சப்ளையர் ஏற்றும் வரை அந்த வரிப் பணம் நம் கையைக் கடித்துக்கொண்டிருக்கும்.

இதற்கு ஏஐ நன்றாகவே உதவும். ஆனால் பலரும் செய்வது, எல்லா பில் கோப்புகளையும் 2பி எக்செலையும் ஒரே உரையாடலில் போட்டு "எது பொருந்தவில்லை, சொல்" என்று கேட்பது. அழகான அட்டவணை வரும். அதில் நாலைந்து வரிகள் சத்தமில்லாமல் விடுபட்டிருக்கும், இரண்டு தொகைகள் மாறியிருக்கும். இந்த ஏஐகளை இயக்கும் மொழி மாதிரிகள் (சுருக்கமாக, மாதிரி) நீண்ட பட்டியலை ஒரு வரிசைகூட விடாமல் ஒப்பிடுவதற்கு ஏற்றவை அல்ல. வேலையைப் படிப்பது, சரிபார்ப்பது, பொருத்துவது என்று மூன்றாகப் பிரியுங்கள். ஏஐக்கு முதலாவது மட்டும். மற்ற இரண்டுக்கும் எக்செல் சூத்திரமோ சிறிய பைத்தான் நிரலோ போதும்.

படிப்பதிலும் முதலில் க்யூஆர் குறியீட்டைப் பாருங்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய சப்ளையர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் (அரசுப் போர்ட்டலில் பதிந்து க்யூஆர் பெறும் பில்) கட்டாயம் (வங்கி போன்ற சில துறைகளுக்கு விலக்கு உண்டு). அந்த க்யூஆரிலேயே இரு தரப்பு ஜிஎஸ்டி எண்கள், பில் எண், தேதி, மொத்தத் தொகை, ஐஆர்என் (பில்லின் பதிவு எண்) எல்லாம் கையொப்பத்தோடு இருக்கின்றன. அதை ஸ்கேன் செய்தாலே தவறில்லாத தலைப்பு விவரம் கிடைத்துவிடும். வரித் தொகைகளின் பிரிவும் ஒவ்வொரு பொருளின் விவரமும் அதில் முழுமையாக இல்லை, அவற்றை மட்டும் ஏஐ படித்தால் போதும்.

மீதி பில்களுக்குப் படத்தின் தரம்தான் பாதி வேலை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஒரு படத்தில் ஒரு பில். ஸ்கேனர் இருந்தால் 300 டிபிஐ. தெர்மல் தாள் பில்லை வந்த அன்றே எடுத்துவிடுங்கள், நாளானால் எழுத்து மங்கிவிடும். இரண்டு பக்க பில் தனித்தனியாகப் போனால், முதல் பக்கத்தின் அடியில் இருக்கும் 'தொடர்ச்சி' தொகையை ஏஐ மொத்தம் என்று எடுத்துக்கொள்ளும்.

ஏஐக்குக் கொடுக்கும் கட்டளையில் மூன்று விஷயம் அவசியம். அச்சில் உள்ளதை உள்ளபடி எழுது. தெரியாத இடத்தைக் காலியாக விடு. எதையும் கூட்டாதே, திருத்தாதே. புலங்களின் பெயரை நீங்களே நிர்ணயித்து ஜேசன் (புலத்தின் பெயர், மதிப்பு என்று நிரல் படிக்கும் எழுத்து வடிவம்) வடிவில் கேளுங்கள். தொகையையும் எழுத்துச் சரமாகவே வாங்குங்கள்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று. "பொருள்வாரித் தொகைகளின் கூட்டு மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும்" என்று கட்டளையிலேயே சொல்லிவிடுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மாதிரி ஒரு பொருளின் தொகையை 4,560க்குப் பதில் 4,580 என்று படித்துவிட்டால், ஒத்துப்போக வைப்பதற்காக இன்னொரு பொருளில் இருபதைக் குறைத்துவிடக்கூடும். உங்கள் சோதனை அதைப் பிடிக்காது. சோதனை விதிகளை மாதிரியிடம் சொல்லவே சொல்லாதீர்கள். அதேபோல் "எவ்வளவு உறுதி" என்று அதனிடமே சதவீதம் கேட்பதிலும் பயனில்லை, தவறான எண்ணுக்கும் 98 போடும். வேறொரு மாதிரியிடம் அதே பில்லைக் கொடுத்து, இரண்டும் வேறுபடும் புலங்களை ஆள் பார்ப்பது எவ்வளவோ மேல்.

வரி விகிதத்திலும் இதே சிக்கல் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத விகிதங்கள் பெரும்பாலும் நீங்கிவிட்டன. பழைய தரவில் பயின்ற மாதிரி, மங்கலாகத் தெரியும் 5ஐ 12 என்று 'நினைவிலிருந்து' நிரப்பலாம்.

சரிபார்ப்பு விதிகள் எளியவை. வரிக்கு உட்பட்ட தொகையை விகிதத்தால் பெருக்கினால் வரி வர வேண்டும், ஒரு ரூபாய் வித்தியாசத்துக்குள். சிஜிஎஸ்டியும் (மத்திய அரசின் பங்கு) எஸ்ஜிஎஸ்டியும் (மாநில அரசின் பங்கு) சமம். நீங்கள் தமிழ்நாட்டில் இருந்து, சப்ளையரின் மாநில எண்ணும் 33 (தமிழ்நாடு), ஆனால் பில்லில் ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும் விற்பனைக்கான வரி) என்றால் ஆள் பார்க்கட்டும். வாங்குபவர் ஜிஎஸ்டி எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள். ஒரே முதலாளிக்கு இரண்டு நிறுவனம் இருக்கும் இடங்களில் இது அடிக்கடி மாறும்.

ஜிஎஸ்டி எண்ணின் 15ஆவது எழுத்து ஒரு சோதனை எழுத்து. 0 முதல் 9, ஏ முதல் இசட் வரை 0 முதல் 35 மதிப்பு கொடுங்கள். முதல் 14 எழுத்துகளின் மதிப்பை 1, 2, 1, 2 என்று மாறி மாறிப் பெருக்குங்கள். ஒவ்வொரு விடையையும் 36ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் கூட்டுங்கள். மொத்தத்தை 36ஆல் வகுத்த மீதியை 36லிருந்து கழித்தால் வருவது 15ஆவது எழுத்தின் மதிப்பு (36 வந்தால் 0). 8ஐ பி என்றும், 5ஐ எஸ் என்றும், பூஜ்யத்தை ஓ என்றும் படித்த தவறுகளை இது கிட்டத்தட்ட முழுவதும் பிடித்துவிடும்.

பொருத்தும்போது பில் எண்தான் தலைவலி. பில்லில் ஆண்டு, சாய்கோடு, முன்பூஜ்யம் எல்லாம் சேர்ந்திருக்கும், சப்ளையர் போர்ட்டலில் வெறும் 12 என்று ஏற்றியிருப்பார். ஆண்டு, கோடு, சாய்கோடு, முன்பூஜ்யத்தை நீக்கி ஒப்பிடுங்கள். முதல் சுற்றில் ஜிஎஸ்டி எண், பில் எண், தொகை மூன்றும் ஒத்தவை. அடுத்த சுற்றில் ஜிஎஸ்டி எண், தேதி, தொகை ஒத்து பில் எண் மட்டும் மாறியவை. மூன்றாவதில் பில் எண்ணும் தொகையும் ஒத்து, ஜிஎஸ்டி எண்ணில் 3 முதல் 12 வரையுள்ள பான் பகுதி மட்டும் ஒத்தவை. சப்ளையர் வேறு மாநிலக் கிளையிலிருந்து ஏற்றியிருப்பார். முதல் சுற்றைத் தவிர எதையும் தானாக ஏற்காதீர்கள். கிரெடிட் நோட்டை (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) தனியாகப் பொருத்துங்கள்.

டாலி கணக்கு மென்பொருளுக்குள் நேரடியாகப் பதியாமல் ஆப்ஷனல் வவுச்சராக (தற்காலிகப் பதிவு) ஏற்றினால், ஆள் பார்த்து உறுதிசெய்யும் வரை கணக்கில் சேராது. தொடங்கும் முன், ஏற்கெனவே சரிபார்த்துப் பதிந்த நூறு பழைய பில்களைக் கொடுத்துப் புலம் புலமாகத் தவறை எண்ணுங்கள். "மொத்தத்தில் 97 சதவீதம் சரி" என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தேதியில் ஒரு தவறும் தொகையில் ஒரு தவறும் ஒன்றல்ல.

விடுபட்ட பில்களுக்கு 14 வரை காத்திருக்க வேண்டாம். சப்ளையர் ஜிஎஸ்டிஆர்-1ல் (அவருடைய விற்பனைப் பட்டியல்) சேமித்த உடனேயே ஜிஎஸ்டி போர்ட்டலில் வாங்குபவருக்கான ஐஎம்எஸ் (பில் மேலாண்மை) பக்கத்தில் அந்த பில் தெரியும். மாதாமாதம் தாக்கல் செய்பவருக்குக் கடைசித் தேதி 11, காலாண்டுக்காரர் ஐஎஃப்எஃப்-இல் (இடைப்பட்ட மாதங்களில் பில் ஏற்றும் வசதி) ஏற்ற 13. ஆகவே 8ஆம் தேதி ஒரு சுற்று ஓட்டி, ஐஎம்எஸ்ஸில் காணாத பில்களுக்கு சப்ளையர்வாரியாகச் செய்தி அனுப்புங்கள். செய்தியின் வாசகத்தை ஏஐ எழுதட்டும். பில் எண்ணையும் தொகையையும் உங்கள் அட்டவணையிலிருந்து நிரல் நிரப்பட்டும்.