கேட்டது கிடைக்காதவர்களும் வரும் கோயில்

வடசென்னையில் மாதா கோயில் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பெரம்பூர் லூர்து அன்னை திருத்தலம்தான். பெரம்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ரயில்வே பணிமனைகளோடு வளர்ந்த இந்தப் பகுதியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக ஒரே பீடத்தின் முன் மண்டியிட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை மாலையில், லூர்து குகையைப் போல் அமைந்த மாதா கெபியின் முன் மெழுகுவர்த்தி ஏற்றுபவர்களில் கிறிஸ்தவர்கள் அல்லாதவர்களும் இருப்பார்கள். அதை அங்கே யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை.

கெபியின் வரலாறு நமக்கு மனப்பாடம். பிரான்சின் லூர்து நகரில் 1858 பிப்ரவரி 11 அன்று, விறகு பொறுக்கப் போன 14 வயதுச் சிறுமி பெர்னதெத்துக்கு மசபியேல் குகையில் அன்னை முதன்முதலாகக் காட்சி தந்தார். ஜூலை 16 வரை மொத்தம் 18 காட்சிகள். அன்னை சொன்னபடி குகைத் தரையைச் சிறுமி கையால் தோண்டியபோது முதலில் கசிந்தது சேற்று நீர். அதுவே தெளிந்து ஊற்றாகி இன்றும் ஓடுகிறது.

புதுமைகளை, அதாவது அற்புதங்களைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு மூன்றாம் காட்சியைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் மனக்குறை. அன்றுதான் அன்னை, இவ்வுலகில் அல்ல, மறுவுலகிலேயே உன்னை மகிழ்ச்சியாக வைப்பதாக வாக்களிக்கிறேன் என்று அந்தச் சிறுமியிடம் சொன்னார். சிறுவயது முதல் ஆஸ்துமாவில் மூச்சுத் திணறிய பெர்னதெத், ஊற்று நீரால் பலர் சுகம் பெற்ற பின்னும் நோயோடுதான் வாழ்ந்தார். நெவேர் நகரத் துறவற மடத்தில் 1879இல், 35 வயதில் காலமானார். 1933இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கிய திருச்சபை, அவர் கண்ட காட்சிகளுக்காக அல்ல, அவர் வாழ்ந்த வாழ்க்கைக்காகவே அதை வழங்கியது.

ஒருநாள் நான் பெரம்பூர் கோயிலுக்குப் போயிருந்தபோது, செபமாலை முடிந்ததும் பக்கத்தில் அமர்ந்திருந்த வியாசர்பாடி அம்மா ஒருவர் பேச்சுக் கொடுத்தார். கணவரின் சிறுநீரக நோய் தீர வேண்டுமென்று பல சனிக்கிழமைகள் வந்து மன்றாடியிருக்கிறார், அவரோ இறந்துவிட்டார். இப்போது எதற்காக மன்றாடுகிறீர்கள் என்று தயக்கத்தோடுதான் கேட்டேன். “கேக்குறதுக்கு என்னப்பா இருக்குது? அவரு போன அன்னிக்கும் மாதா என்கூடத்தான் இருந்தாங்க. அதுக்குத்தான் வர்றேன்” என்றார்.

அன்றைய நற்செய்தி வாசகமாக இல்லாவிட்டாலும், யாக்கோபின் கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணிடம் பேசியதுதான் எனக்கு நினைவில் எழுந்தது: “நான் கொடுக்கும் தண்ணீரைக் குடிப்பவருக்கு என்றுமே தாகம் எடுக்காது.” தெருக்குழாயடியில் வரிசையில் குடத்தை வைத்துவிட்டு லாரிக்காகக் காத்திருந்து வளர்ந்த வடசென்னைக்காரர்களுக்கு இந்த வாக்கின் கனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்ணும் முதலில் கேட்டது, இனிமேல் கிணற்றுக்கு வரும் வேலையே மிச்சமாகட்டும் என்றுதான். அவருடைய ஐந்து கணவர்களையும் இப்போதைய வாழ்க்கையையும் அறிந்தே தன்னோடு பேசுபவர் யார் என்று புரிந்தபோது, குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினார். அவருடைய வீட்டு நிலைமை அதற்குள் மாறிவிட்டதாக நற்செய்தியாளர் யோவான் எழுதவில்லை. வியாசர்பாடி அம்மாவிடம் நான் கண்ட நிறைவும் இத்தகையதே என்று நினைக்கிறேன்.

மன்றாடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பிப்ரவரி 11ஐ 1993 முதல் உலக நோயாளர் நாளாகத் திருச்சபை கொண்டாடுவதே நோயுற்றோருக்காக மன்றாடத்தான். அந்த அம்மாவைச் சந்தித்த அன்று மாலைத் திருப்பலியில் என் தம்பியின் வேலைக்காக நானும் வேண்டிக்கொண்டேன். வேண்டாமல் இருக்க நான் ஒன்றும் துறவி அல்லவே. ஆனால் நற்கருணை பெற்றுத் திரும்பி முழந்தாளிட்டபோது, வேலை கிடைத்தால் மட்டுமே இங்கே மறுபடி வருவேன் என்ற பழைய பேரம் மனதில் எழவில்லை.