வடகம் காய்ந்த கணக்கு

என் மகள் பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒருமுறை தோற்று, இரண்டாம் முறைதான் தேறினாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்கவைத்த கதையைக் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் மதிப்பெண்ணில்தான் வந்து நிற்பார்கள். அந்த மூன்று ஆண்டும் என்ன சமைத்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்குச் சொல்ல அதிகம் இருப்பது அதில்தான்.

எங்கள் ஊர் பாபநாசத்துக்கும் ஐயம்பேட்டைக்கும் நடுவே, குடமுருட்டியை ஒட்டியது. சொந்தத்தில் ஒன்பது மா, குத்தகைக்கு ஆறு மா. மூன்று மா ஓர் ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஐந்து ஏக்கர். இரண்டு கறவை மாடுகள், மூட்டுவலியோடு என் அத்தை, அதாவது மாமியார். மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் இரவிலேயே மோட்டார் போட எழுந்து போகிற கணவர். பிள்ளைகள் இருவர். பெரியவள் 2008இல் பிறந்தவள், சின்னவன் 2014.

இருவரும் ஒரு தனியார் பள்ளிக்கு வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். வேன் காலை ஏழு மணிக்கு வரும், மாலை ஆறுக்குக் கொண்டுவந்து விடும். நான் ஐந்து மணிக்கு எழுந்து கட்டிக்கொடுத்த சப்பாத்தி பாதிக்கு மேல் திரும்பி வரும். ஒருநாள் சின்னவனின் டப்பாவை மறுநாள் காலைதான் பையிலிருந்து எடுத்தேன். எறும்பு மொய்த்திருந்தது. சாப்பிட நேரம் போதவில்லை என்றான். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருவரும் வீட்டில் சூடாகச் சாப்பிட்டார்கள். 2021 நவம்பர் 1ஆம் தேதி சிறு வகுப்புகளும் திறந்தபோது, அந்த ஐந்து மணி அடுப்பை மறுபடியும் பற்றவைக்க எனக்கு மனம் வரவில்லை. இதில் கொள்கை, தத்துவம் எல்லாம் கிடையாது. டப்பாதான் காரணம்.

மாற்றுச் சான்றிதழ் வாங்கிய கதையை நீட்ட விரும்பவில்லை. பாக்கிக் கட்டணத்துக்காக நான்கு முறை நடந்தோம். பிறகு, பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்கும் ஆசிரியை ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஆறிலிருந்து பதினான்கு வயதுவரை கட்டாயக் கல்வி என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, அவர் வராமல் இருந்திருந்தால்தான் தவறு. பிள்ளைகளின் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். மோர் குடித்தார். “எப்போது வேண்டுமானாலும் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்க்கலாம், கதவு திறந்துதான் இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சு பின்னால் பயன்பட்டது.

முதல் மூன்று மாதம் நான் செய்தது அசட்டுத்தனம். திண்ணையில் கரும்பலகை மாட்டி, ஒன்பது மணிக்கு மணியடித்து, நான்கு மணிவரை பாடவேளை பிரித்தேன். அதற்கு நடுவே காலையில் இட்லி, சட்னி. மதியம் சாம்பார், ரசம், பொரியல், கூட்டு. சாயங்காலம் ஏதாவது பலகாரம். இரவில் அத்தைக்குச் சப்பாத்தி, பிள்ளைகளுக்குத் தோசை, அவருக்குச் சோறு. பின்னங்களைக் கூட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒருநாள் சாம்பார் அடிப்பிடித்துப் பருப்பு கரியாகிவிட்டது. பாத்திரத்தைத் தேய்த்தபடி பெரியவளைத் திட்டினேன். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஆறில் ஐந்து என்று சரியாகத்தான் போட்டிருந்தாள்.

அன்று இரவு அத்தை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “நம் வீட்டில் தினமும் கல்யாணமா நடக்கிறது? நாற்று நடவு நாளில் நான் இருபது ஆளுக்குக் கஞ்சி காய்ச்சியிருக்கிறேன். ஒரு குழம்பு, ஒரு கறி. அதற்குமேல் யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பு” என்றார். மருமகளிடம் மாமியார் சமையலைக் குறைக்கச் சொல்வது எங்கள் பக்கத்தில் நாள்தோறும் நடப்பதில்லை. அதனால் உடனே பிடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு அடுப்பு ஒருமுறைதான் முழுதாக எரிந்தது, காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை. ஒரு குழம்பு, ஒரு கறி, கொஞ்சம் அதிகமாகச் சோறு. மதியம் அதைச் சாப்பிட்டுவிட்டு, மிச்சக் குழம்பை இரவில் சுண்டக் காய்ச்சித் தோசைக்கு வைத்துக்கொள்வது. மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்தால் மறுநாள் காலைக்கு ஆயிற்று. பழையசோற்றுக்குச் சின்னவெங்காயம், மோர்மிளகாய், உப்பு நார்த்தங்காய். இட்லி வேண்டும் என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்கள், பிறகு மோர்மிளகாய்க்குச் சண்டை போட ஆரம்பித்தார்கள். குழம்புக்குக் கிழமை குறித்தோம். திங்கட்கிழமை மணத்தக்காளி வற்றல் குழம்பு என்றால் திங்கட்கிழமை அதுதான். புதன் மோர்க்குழம்பு. சனிக்கிழமை வாய்க்காலில் கெண்டையோ கெளுத்தியோ கிடைத்தால் மீன், இல்லாவிட்டால் பருப்புத் துவையலும் ரசமும். இன்றைக்கு என்ன சமைப்பது என்ற யோசனை காலையில் எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்பது அதை நிறுத்திய பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் அப்படியே பாடத்துக்கு வந்தது. பத்திலிருந்து பன்னிரண்டரை வரை இரண்டு பாடம், அவ்வளவுதான். மதியத்துக்குமேல் அவர்களே ஏதாவது வாசிப்பார்கள். பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தன.

ஆண்டுக் கால அட்டவணையைப் போட்டது நான் இல்லை, மேட்டூர் அணை. பாசனத்துக்குத் தண்ணீர் திறக்க ஜூன் 12 என்பது வழக்கமான நாள். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். கோடையில் முடிக்கலாம் என்று வைத்திருந்த ஆங்கில இலக்கணம் குறுவை நாற்றங்காலில் போய்விட்டது. 2024இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை, அந்த ஆண்டு படிப்புக்கு வேண்டிய மட்டும் நேரம் இருந்தது. வயலுக்குத்தான் இல்லை.

தாளிப்பு வடகம் போட்டதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல். உரித்த சின்னவெங்காயம் மூன்று கிலோ, பூண்டு அரைக் கிலோ, உளுத்தம்பருப்பு கால் கிலோ, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு. எல்லாவற்றையும் இடித்துப் பிசைந்து மூடிவைத்து, மறுநாள் உருண்டை பிடித்து வெயிலில் வைப்பது, மாலையில் உதிர்த்து விளக்கெண்ணெய் விட்டு மறுபடி பிடிப்பது. அத்தை கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி உத்தரவு போட, கண்ணில் நீர் வடிய வெங்காயம் உரித்தது பிள்ளைகள். பெரியவள் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் எடையை எழுதினாள். முதல் நாள் 4 கிலோ 200. எட்டாம் நாள் 1 கிலோ 400. மூன்றில் ஒரு பங்கு. “மீதி எங்கே போயிற்று?” என்று சின்னவன் கேட்டான். காக்கை தின்றுவிட்டது என்றார் அத்தை. அவன் நம்பி, மறுநாள் முழுதும் கையில் குச்சியோடு மாடியில் உட்கார்ந்திருந்தான்.

அது அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த தை கழிந்து சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எங்கள் நெல் 19 காட்டியது. களத்தில் கொட்டிக் காயவைத்தோம். அன்று இரவு சாப்பிடும்போது என் கணவர் மகளைக் கேட்டார்: “19 என்பது 17 ஆனால், நாற்பது கிலோ சிப்பத்தில் எவ்வளவு குறையும்?”

“800 கிராம்” என்றாள் உடனே. நாற்பதில் இரண்டு சதவீதம். நானும் அதுதான் என்றேன். அவர் சிரித்தார். அவருக்குக் கணக்குத் தெரியாது, ஆனால் வருஷா வருஷம் காய்ந்த நெல்லை எடை போட்டுப் பார்த்தவர். ஒரு கிலோ குறையும் என்றார்.

இரண்டு நாள் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் பால் கறந்துகொண்டிருந்தபோது கொட்டகைக்கு ஓடிவந்தாள். “வடகத்தில் உளுந்தும் கடுகும் குறையவில்லையே அம்மா, தண்ணீர்தானே குறைந்தது!” என்றாள். நாற்பது கிலோவில் 19 சதவீதம் தண்ணீர் போக நெல்லாக இருப்பது 32 கிலோ 400. காய்ந்தாலும் அது மாறாது. காய்ந்த பிறகு அந்த 32 கிலோ 400தான் மொத்தத்தில் 83 சதவீதம். அப்படியானால் மொத்தம் ஏறக்குறைய 39 கிலோ 40 கிராம். குறைந்தது சுமார் 960 கிராம். அவர் சொன்ன ஒரு கிலோவுக்கும் இவள் கணக்குக்கும் நடுவே நாற்பது கிராம்தான். எனக்கு அது விளங்க இன்னும் ஒருநாள் ஆயிற்று. மாடு உதைக்காமல் இருந்ததே பெரிது.

இப்படிக் கண்டுபிடித்தவள்தான் தேர்வில் கணக்கில் 27 வாங்கினாள். ஏன் என்று எனக்குத் தெரியும். முக்கோணவியலும் வட்டத்தின் தொடுகோடும் எங்கள் அடுப்பங்கரைக்கு வரவில்லை. வந்த பாடங்களை ஆசையாக நடத்தினேன், வராதவற்றை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். பிள்ளைகள் அன்றாட வாழ்க்கையிலேயே எல்லாம் கற்றுக்கொள்வார்கள் என்று யாராவது சொன்னால் இப்போது எனக்குக் கோபம் வருகிறது.

தேர்வு எழுதிய முறையையும் சொல்கிறேன், பலர் அதைத்தான் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். நாங்கள் அந்த வழியில் போகாமல், தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தில் நேரே பத்தாம் வகுப்புக்குப் பதிந்தோம். 1989இல் தொடங்கிய மத்திய அரசு வாரியம் அது. பதினான்கு வயது முடிந்திருந்தால் போதும். முந்தைய வகுப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால், இந்தப் படிப்பைத் தொடரும் அளவுக்குப் படித்திருக்கிறேன் என்று தானே எழுதிக் கையெழுத்திடலாம். அந்த வரியை எழுதும்போது அவள் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஐந்து பாடம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எடுத்தோம். மனையியலும் பட்டியலில் இருந்தது. “அதை எடுக்கட்டும், பரீட்சையை நான் எழுதிவிடுகிறேன்” என்றார் அத்தை.

2023 மார்ச்சில் திறந்த சேர்க்கையில் பதிந்தோம், தேர்வு அடுத்த ஏப்ரலில். விண்ணப்பம் போட்டுக்கொடுத்த கணினிக் கடைப் பையன் பயிற்றுமொழியில் ஆங்கிலத்தைச் சொடுக்கிவிட்டான். பணம் கட்டுவதற்கு முன் திரையைப் படித்துப் பார்த்ததால் தப்பித்தோம், நீங்களும் படித்துப் பாருங்கள். ஒப்படைவுக்கு, அதாவது வீட்டிலிருந்தே எழுதிக்கொடுக்கும் பயிற்சிக்கு, 20 சதவீத மதிப்பெண் உண்டு, அதை அசட்டை செய்யக் கூடாது. தேற 33 வேண்டும். தோற்ற பாடத்தை மட்டும் திரும்ப எழுதலாம், ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு.

தேர்வு மதியம் இரண்டரைக்கு. மையம் தஞ்சாவூரில். சித்திரை வெயிலில் பஸ் ஏற வேண்டும் என்பதால் பத்தரைக்கே சாப்பாடு, ஐந்து நாளும் ஒரே சாப்பாடு. மோர்சாதம், நார்த்தங்காய். என் தங்கை போன் செய்து, பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு நல்லதாக ஏதாவது செய்துபோடக் கூடாதா என்று கேட்டாள். இதுதான் நல்லது என்றேன்.

நான்கு பாடம் தேறிவிட்டாள். கணக்குக்குப் பாபநாசத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் வாரம் மூன்று மாலை அனுப்பினோம். அதை இரண்டு ஆண்டு முன்பே செய்திருக்க வேண்டும், என் வீம்புதான் தடுத்தது. அக்டோபர், நவம்பர் சுற்றில் எழுதினாள். தீபாவளி, அடைமழை, களையெடுப்பு எல்லாம் ஒன்றாக வந்த நாட்கள், அந்த மாதம் கிழமைக் குழம்புகூடக் கிடையாது, தினமும் ரசம்தான். 52 வாங்கினாள். மதிப்பெண் பட்டியலோடு வந்த இடப்பெயர்வுச் சான்றிதழையும் காட்டிப் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டாள்.

சின்னவன் கதை வேறு. 2023 ஜூனில் அவனாகவே பள்ளிக்குப் போகிறேன் என்றான், அங்கேதான் ஆட்டத்துக்கு ஆள் இருக்கிறது என்று. அந்தக் கணக்கெடுப்பு ஆசிரியையின் பேச்சு நினைவிருந்தது. பத்து நிமிட நடையில் அரசுத் தொடக்கப் பள்ளி, நான்காம் வகுப்பு. ஆகஸ்ட் 25ஆம் தேதியிலிருந்து அங்கே காலை உணவும் போட ஆரம்பித்தார்கள். மதியம் சத்துணவில் முட்டை. என் டப்பாவுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

முதல் வாரம் வந்து சொன்னான்: “அங்கே புதன்கிழமை பொங்கல். சாம்பாரில் காய்கூட நிறைய இருக்கிறது.” எங்கள் வீட்டில் புதன் மோர்க்குழம்பு. அத்தை அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மோர்மிளகாய் ஜாடியைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டார்.