முன்கட்டையில் ஒரு தாள் இடைவெளி

நூறு மீட்டரில் பத்துத் தோட்டா சுட்டேன். அட்டையில் விழுந்த பத்துத் துளைகளையும் மறைக்க ஒரு சாப்பாட்டுத் தட்டு தேவைப்பட்டிருக்கும். எல்லாம் மேலும் கீழுமாக நீண்டு கிடந்தன. பக்கத்து மேடையில் இருந்த கிளப் பெரியவர் ஒருவர், துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு கையில் வாங்கினார். குழலையும், அதை அடியில் தாங்கும் மரமான முன்கட்டையையும் சேர்த்துப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார். உள்ளே ‘டக்’ என்று சத்தம். “இரும்பு மரத்தில் உட்காரவே இல்லை” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அது லித்கோவில் செய்த பழைய லீ என்ஃபீல்ட் ரைஃபிள். இரும்பில் 1942 என்று முத்திரை இருக்கிறது. சிட்னியிலிருந்து மேற்கே ப்ளூ மவுண்டன்ஸைத் தாண்டினால் வரும் சிறிய ஊர் லித்கோ. அங்கே 1912-இல் துப்பாக்கித் தொழிற்சாலை திறந்தார்கள். நம் ஊர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் சின்ன வயதில் பார்த்த ‘த்ரீ நாட் த்ரீ’யும் இதே குடும்பம்தான். லைசென்ஸ், வாங்குவதற்கான அனுமதி, இரும்புப் பெட்டி எல்லாம் முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மரம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் வாங்கினேன். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் பாலியூரிதேன் வார்னிஷைத் தடித்த பூச்சாகப் பூசியிருந்தார். வார்னிஷ் வழிந்து உறைந்த சொட்டுகள்கூட அப்படியே இருந்தன.

அடுத்த வாரம் கராஜில் பிரித்தேன். மூக்குப் பூண், வளையங்கள், கைக்காப்பு, விசைக்காப்பு என்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சரியாகப் பொருந்திய முன்கட்டை லேசில் வராது. மரச்சுத்தியால் சமமாகத் தட்டித் தட்டித்தான் இறக்க வேண்டும். என்னுடையதோ கடைசித் திருகு கழன்றதும் தானாகக் கையில் விழுந்தது. எனக்கு நெஞ்சு திக்கென்றது.

இந்தத் துப்பாக்கியின் சூட்சுமமே முன்கட்டைக்குள் ஒளிந்திருக்கிறது. தோட்டா அடுக்கும் மேகசின் உட்காரும் குழிக்குப் பின்னால், இரண்டு பக்கமும் சற்றுச் சாய்வாக வெட்டிய இரண்டு சின்னத் தாங்குமுகங்கள் உண்டு. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ‘டிராஸ்’ என்பார்கள். சுடும்போது பின்னால் பாயும் இரும்பை முன்கட்டையில் தாங்குவது இந்த இரண்டு இடங்கள்தான். இரண்டும் ஒரே சமயத்தில், முழுப் பரப்பிலும் இரும்பைத் தொட வேண்டும். தொடாவிட்டால் ஒவ்வொரு சூட்டுக்கும் இரும்பு நகர்ந்து வேறு ஒரு இடத்தில் போய் நிற்கும். அப்புறம் கட்டையே பிளந்துவிடும்.

அப்பா தச்சர். கும்பகோணம் பக்கம் நாற்பது வருஷம் கதவும் ஜன்னலும் செய்தவர். கழுந்து, அதாவது துளைக்குள் செருகும் மரமுனை, சரியாக இறங்காவிட்டால் விளக்குக் கரியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்துத் தடவி, ஒரு தரம் செருகி எடுத்துப் பார்ப்பார். கரி ஒட்டிய இடம் தொடுகிறது, ஒட்டாத இடம் தொடவில்லை. நானும் இரும்பில் கரியைத் தடவி, முன்கட்டையை ஏற்றி இறக்கினேன். வலது முகத்தின் ஓரத்தில் ஒரு கீற்று. இடது பக்கம் சுத்தம், ஒரு பொட்டுக் கரி இல்லை. ஒரு தாளை மடித்து விட்டுப் பார்த்தேன், தாராளமாகப் போய் வந்தது. படம் எடுத்து அப்பாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். உடனே போன் வந்தது. “ஒத்தக் கால்ல நிக்குதேடா தம்பி. பாலீஷ் எல்லாம் அப்புறம், மொதல்ல கால ஊனு.”

காரணமும் கிடைத்தது. விசையைச் சுற்றியிருக்கும் விசைக்காப்பின் முன் திருகு ஒரு சின்னக் குழாய்த்துண்டின் வழியாக மேலே போகும். திருகை எவ்வளவு முறுக்கினாலும் மரம் எந்த அளவுக்கு நெரிபட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தத் துண்டின் உயரம். அதைத் தொலைத்துவிட்டு யாரோ வாஷர்களை அடுக்கியிருந்தார்கள், அதுவும் உயரமாக. திருகு இரும்பில் இறுகி நின்றது, மரம் மட்டும் தளர்ந்து கிடந்தது. முன்கட்டையின் பின்முனையில் ஒரு விரிசலும் இருந்தது. அது எப்படி வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த மாடலில், தோளில் வைக்கும் அடிக்கட்டையை இறுக்கும் நீண்ட போல்ட்டின் முனை சதுரமாக இருக்கும். அது முன்கட்டையின் பின்முனையில் உள்ள ஒரு தகட்டுக்குள் நுழைந்து நிற்கும். முன்கட்டையைக் கழற்றாமல் அந்தப் போல்ட்டைத் திருகினால் சதுர முனை சுழன்று மரத்தைப் பிளந்துவிடும். இதே துப்பாக்கியை வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள்: முன்கட்டை முதலில், அடிக்கட்டை பிறகு.

எண்பது வருஷ எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது. அசிட்டோன் தொட்ட துணியால் பழுப்பு வருவது நிற்கும்வரை துடைத்தேன். விரிசலுக்குள் ஊசியால் எபாக்ஸி ஏற்றிக் கவ்வி வைத்து இறுக்கினேன். தேய்ந்துபோன தாங்குமுகங்களை உளியால் நேராக வெட்டி எடுத்து, கெட்டி மரத்தில் இரண்டு துண்டுகள் செய்து ஒட்டினேன். இழையின் வெட்டுமுனை இரும்பைப் பார்த்து இருக்கும்படி வைத்தேன். பக்கவாட்டு இழை நாளாவட்டத்தில் நசுங்கும், வெட்டுமுனை அவ்வளவு சீக்கிரம் நசுங்காது.

துண்டுகளை வேண்டுமென்றே கொஞ்சம் தடிமனாக விட்டிருந்தேன். அப்புறம் கரி தடவு, ஏற்று, இறக்கு, கறுத்த இடத்தை மட்டும் உளி நுனியால் ஒரு சுரண்டு சுரண்டு. இதுதான் மூன்று இரவு வேலை. ஒரு தடவை சுரண்டினால் வருவது தூள்தான், சீவல்கூடக் கிடையாது. முப்பது தடவைக்கு மேல் ஏற்றி இறக்கியிருப்பேன். மூன்றாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு இரண்டு முகங்களிலும் கரி ஒரே மாதிரி பரவியிருந்தது. முன்கட்டையை இறக்க முதல் முறையாக மரச்சுத்தி தேவைப்பட்டது. குழாய்த்துண்டைப் புதிதாகச் செய்து, மரம் இறுகிய பிறகே திருகு நிற்கும்படி அரத்தால் தேய்த்துக் குறைத்தேன்.

சரி, இனி பாலீஷ். வார்னிஷை ஸ்ட்ரிப்பர் போட்டு உரித்தேன். உப்புத்தாளை அடிக்கட்டையில் வைக்கவே இல்லை. காரணம், உரித்த இடத்தில் மங்கலாக ‘ஸ்லாஸ்’ என்ற முத்திரை தெரிந்தது. டென்னிஸ் மட்டை செய்யும் அதே ஸ்லாசெஞ்சர்தான். போர்க்காலத்தில் சிட்னியில் இந்தத் துப்பாக்கிகளுக்கு மரவேலை செய்தார்கள். நான்கு எழுத்து, ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. இரண்டு நிமிஷம் தாளால் தேய்த்திருந்தால் போயிருக்கும். பளபளப்புக்காக அதை அழிக்க எனக்கு மனசு வராது. பள்ளங்களுக்கு ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஆவி காட்டினேன். நசுங்கிய இழை ஊறி எழும்பி வந்தது.

மரம் கோச்வுட், நியூ சவுத் வேல்ஸ் மழைக்காடுகளில் வளர்வது. சுரண்டும்போது வெல்லப்பாகு காய்ச்சுகிற மாதிரி மெல்லிய வாசனை வரும். எண்பது வருஷத்துக்குப் பிறகும் அந்த வாசனை உள்ளே இருந்தது. என் மகள் கராஜுக்குள் வந்து, யார் மிட்டாய் செய்கிறார்கள் என்று கேட்டாள்.

பூசியது லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய். உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு, கை சூடாகும்வரை தேய்க்க வேண்டும். ஒரு வாரம் தினமும், ஒரு மாதம் வாரம் ஒருமுறை, அப்புறம் ஒரு வருஷம் மாதம் ஒருமுறை என்பது பழைய கணக்கு. உள்பக்கத்துக்கும் பூசுங்கள், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். நான் வெளியே கொடியில் விரித்துக் காயவிட்டேன்.

போன சனிக்கிழமை அதே நூறு மீட்டர், அதே தோட்டா. பத்தும் ஒரு டம்ளர் வாய்க்குள் அடங்கின. வீட்டுக்கு வந்ததும் முன்கட்டையை இறக்கி மறுபடி கரி தடவிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கறுப்பு. படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். “வலது பக்கம் மேல் மூலையில ஒரு நூல் வெள்ளையா இருக்கு பாரு” என்றார். இருக்கிறது. நாளைக்கு மறுபடி கழற்றுவேன்.