பி.எட். மிஸ்ஸும் ஒரு சத்துணவு முட்டையும்

முதுநிலை இயற்பியல் முடித்துவிட்டு பி.எட். சேர்ந்தவள் என்பதால், இரண்டாம் ஆண்டின் 16 வாரப் பள்ளிப் பயிற்சிக்காகக் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போனபோது, பதினொன்றாம் வகுப்பில் நியூட்டனின் விதிகளை விளக்கப்போகும் மிதப்பில் இருந்தேன். தலைமையாசிரியரோ நேர அட்டவணையை ஒருமுறை புரட்டிவிட்டு, "ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவை எடுத்துக்கொள்ளும்மா" என்று முடித்துவிட்டார்.

முதல் பாடம் அளவீடுகள். ஊக்கமூட்டல் 5 நிமிடம் என்று பாடக் குறிப்பில் எழுதியிருந்தேன். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு ஊக்கம் வீட்டிலிருந்தே வந்துவிடுகிறது, அதைக் குறைப்பதற்குத்தான் எந்தக் கல்வியியல் நூலிலும் வழி சொல்லப்படவில்லை. அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் அளவு தவறாகத் தெரியும், அதற்குப் பெயர் இடமாறு தோற்றப் பிழை என்று நடத்திய மறுநாள், கடைசி வரிசைப் பையன் ஒருவனை ஏன் பேசுகிறாய் என்று அதட்டினேன். அவன் பணிவாக எழுந்து நின்று, "மிஸ், நீங்க ஓரமா நின்னு பாக்குறீங்க. நேரா வந்து பாத்தா நான் பேசலைன்னு தெரியும்" என்றான். கற்றல் விளைவு அடையப்பட்டது என்று குறிப்பேட்டில் எழுதுவதா, அவனை வெளியே நிறுத்துவதா என்று விளங்காமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன்.

அடுத்து, ஒழுங்கற்ற பொருளின் பருமனை அது வெளியேற்றும் நீரைக் கொண்டு அளப்பது. கூழாங்கல்லை நீரில் போட்டுக் காட்டியதும் ஒரு சிறுமி, "கல்லு உப்பைப் போட்டா மிஸ்?" என்று கேட்டாள். முதுநிலைப் பட்டம் பெற்ற நான், "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். உப்பு கரையாத திரவத்தில் அளக்க வேண்டும், மண்ணெண்ணெய் போதும் என்பது இரவு சாப்பிடும்போதுதான் உறைத்தது. ஐந்து ஆண்டுக் கல்லூரிப் படிப்பில் இப்படிச் சோறு இறங்காமல் நான் எதையும் யோசித்ததில்லை. பதினொன்றாம் வகுப்பு காலியாகிறது, வருகிறாயா என்று வழிகாட்டி ஆசிரியை அந்த வாரம் கேட்டபோது, இந்தப் பாடம் முடியட்டும் டீச்சர் என்று சொல்லிவிட்டேன்.

கல்லூரியிலிருந்து பேராசிரியர் என் வகுப்பைப் பார்வையிட வந்தது மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளையில். கல்லுக்குப் பதிலாகச் சத்துணவில் தந்த முட்டையை அளக்கலாம் என்பது பிள்ளைகளின் யோசனை. ஒருவன் தன் பங்கு முட்டையை உண்ணாமல் வைத்திருந்து தியாகமாகக் கொடுத்தான். அளவு சாடிக்குள் முட்டை நுழையாது என்பதால், விளிம்புவரை நீர் நிரப்பிய டம்ளரில் அதை இட்டு, வழிந்த நீரைத் தட்டில் பிடித்துச் சாடியில் ஊற்றினோம். நின்றபடி பார்த்த சிறுமி 52 கன சென்டிமீட்டர் என்றாள். குனிந்து கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்த்தவன் 48 என்றான். மேலிருந்து பார்த்தால் கூடுதலாகத்தான் தெரியும் என்று நான் வாயைத் திறக்கும் முன்பே வகுப்பு முழுவதும் "இடமாறு தோற்றப் பிழை" என்று கூவியது. பேராசிரியர் மெல்லத் தலையசைத்ததைக் கண்ட பெருமிதத்தில், இன்னொரு முறை அளந்து உறுதி செய்வோம் என்று முட்டைக்காகக் கையை நீட்டினேன்.

டம்ளரில் முட்டை இல்லை. தியாகி மட்டும் வாயைத் திறக்காமல், கன்னம் இரண்டும் உப்ப, மிகுந்த ஒழுக்கத்தோடு அமர்ந்திருந்தான்.

பார்வைக் குறிப்பேட்டில் பேராசிரியர் எழுதிச் சென்றது: "துணைக்கருவி பாடத்துக்கு மிகவும் பொருத்தம். அடுத்த முறை இரண்டாகக் கொண்டுவரவும்."