அக்கிலீஸ் வலிக்குப் பிறகு முதல் ஹாஃப் மராத்தான்

குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே கிள்ளினால் வலிக்கும். காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் முதல் சில அடிகள் விறைக்கும். ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் வலி காணாமல் போய்விடும். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலீஸ் தசைநாணில் நோவு இப்படித்தான் வரும். அந்தப் பத்து நிமிடத்தை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சூடேறியதால் அடங்கிய வலி அது. அன்றைய ஓட்டம் அதிகமா, சரியா என்பது மறுநாள் காலையில்தான் தெரியும். அட்டவணையில் என்ன எழுதியிருந்தாலும் அந்த முதல் அடிகள் சொல்வதே கணக்கு.

ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி 'டப்'பென்று தெறித்து, அந்தக் காலின் முன்பாதத்தில் எழும்பி நிற்க முடியாமல் போனால் அது வேறு கதை. அன்றே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். அண்மையில் சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் மறக்காமல் சொல்லுங்கள். அது தசைநாணைப் பாதிக்கக்கூடியது.

முழு ஓய்வில் வலி குறையும், கூடவே தாங்கும் வலுவும் குறையும். அதனால்தான் திரும்ப ஓடிய முதல் வாரமே பழைய இடத்தில் வலிக்கிறது. மருந்து, சுமைதான். 1998இல் சுவீடனின் ஆல்ஃப்ரெட்சன் குழு வெளியிட்ட முறை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது: படி விளிம்பில் முன்பாதம் வைத்து, நல்ல காலால் எழும்பி, வலிக்கிற காலால் மெதுவாக இறங்குவது. முழங்காலை நீட்டி 15 வீதம் 3 முறை, லேசாக மடக்கி 15 வீதம் 3 முறை, தினம் இரண்டு வேளை, 12 வாரம். ஒரு நாளைக்கு 180 என்பது வேலைக்குப் போகிறவருக்கு நடக்கிற காரியமா? வாரம் மூன்று நாள், ஏற 3 விநாடி, இறங்க 3 விநாடி என்று கனமான எடையோடு செய்தாலும் ஏறக்குறைய அதே பலன்தான். 15 முறை சுலபமானால், முதுகுப்பையில் 5 கிலோ அரிசிப் பையைப் போட்டுக்கொண்டு 8 முறை செய்யுங்கள். மடக்கிச் செய்வதை விட்டுவிடாதீர்கள். ஓட்டத்தில் பெரும் சுமை தாங்கும், கெண்டைக்காலின் உள்தசையான சோலியஸுக்கு வேலை கொடுப்பது அதுதான்.

தசைநாண் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலி இருந்தால் படியில் செய்யக் கூடாது. குதிகால் கீழே இறங்கினால் தசைநாண் எலும்பில் அழுந்தும். சமதரையில் செய்யுங்கள், கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சியும் வேண்டாம்.

ஒற்றைக் காலில் 20 முறையாவது எழும்ப முடிந்து, அரை மணி நேர வேக நடை மறுநாள் விறைப்பைக் கூட்டவில்லை என்றால் ஓடத் தொடங்கலாம். 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 சுற்று. அடுத்த ஓட்டம் 48 மணி நேரம் கழித்துத்தான். ஓட்டம் முடிந்த முதல் ஒன்றரை நாளில் தசைநாணின் நார்ப்புரதமான கொலாஜன் உருவாவதைவிடச் சிதைவதே அதிகம். வலி பத்துக்கு ஐந்துக்குள் இருந்து, காலையில் பழையபடி அடங்கினால் அடுத்த முறை ஓட்டத்தை ஒரு நிமிடம் கூட்டலாம். விறைப்பு கூடினால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள், ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டாம்.

நடக்காமல் 30 நிமிடம் ஓட வந்த பிறகே 21.1 கிலோமீட்டர் பற்றிய பேச்சு. வாரம் மூன்று ஓட்டம் போதும். வாரக் கடைசி நீள ஓட்டம் 7, 8, 9, 7 கிலோமீட்டர், பிறகு 10, 11, 13, 10, பிறகு 14, 16, 18, 12, பதின்மூன்றாம் வாரம் 8, அதற்கடுத்து போட்டி. பேசிக்கொண்டே ஓடும் வேகம்தான். தூரமும் வேகமும் ஒரே வாரத்தில் கூடக் கூடாது. மூச்சு சீக்கிரம் தேறிவிடும், தசைநாண் தேறாது. ஆறாவது, ஏழாவது வாரத்தில் 'இன்னும் கொஞ்சம்' என்று தோன்றுவது அதனால்தான்.

சென்னையில் மேடு என்றால் மேம்பாலம். ஏற்றத்தில் குதிகால் தாழ்ந்து தசைநாண் அதிகம் இழுபடும், ஆகவே கடைசி மாதம் வரை அதைத் தவிருங்கள். மெரினா மணல் மெத்தென்று இருக்கிறது, காலுக்கு நல்லது என்று அறிவுரை வரும், கேட்காதீர்கள். குதிகால் புதைந்து அதே இழுப்புதான் அங்கும். ஷூவில் குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிட 8–10 மில்லிமீட்டர் உயரமாக இருக்கட்டும். வீட்டில் தட்டைச் செருப்பு வலியைக் கிளப்பினால் அதையும் மாற்றுங்கள்.

இங்கே பெரிய போட்டி வழக்கமாக ஜனவரி தொடக்கத்தில் வருவதால் பயிற்சி வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். தேங்கிய தண்ணீருக்குள் பள்ளம் தெரியாது. தவறிய ஓட்டத்தை அடுத்த நாளில் சேர்த்து ஓடாதீர்கள். படிப் பயிற்சிக்கு மழை தடையில்லை.

ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டங்களில் மணிக்கு 30 கிராமாவது மாவுச்சத்து வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழமும் கொஞ்சம் பேரீச்சையும் சரியாக இருக்கும். போட்டியன்று முதல் 3 கிலோமீட்டர் பயிற்சி வேகத்தைவிட மெதுவாக ஓடுங்கள். வலியால் நடை கோணினால் நின்றுவிடுங்கள். முடிந்த பின் ஒரு வாரம் ஓட்டம் வேண்டாம். படிப் பயிற்சியை நான்காம் நாள், எடை இல்லாமல், மறுபடி தொடங்கலாம்.