நில் என்றால் விழுவான்

எங்கள் வீட்டில் ஒன்றாம் வகுப்பு படிக்கும் தீயணைப்பு அதிகாரி ஒருவர் இருக்கிறார். பள்ளியில் தீ பற்றியும் சாலை பற்றியும் ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். சாலை என்றால் நில், பார், கேள். உடையில் தீப்பிடித்தால் நில், விழு, உருள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சாலையைக் கடக்கப் போனபோது "நில்லுடா" என்றேன். நின்றான். அடுத்த நொடி முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, நடைபாதையில் தொப்பென்று விழுந்து உருள ஆரம்பித்துவிட்டான். எதிரே வந்த அம்மா ஒருவர் பதறிப்போய், "பிள்ளையை என்னங்க பண்ணீங்க?" என்றார். "பாடம் ஒப்பிக்கிறான்" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அன்று மாலை உட்காரவைத்து விளக்கினேன். உருளுவது உடுப்பில் தீப்பற்றினால் மட்டும். ஓடினால் காற்றுப் பட்டு இன்னும் பற்றி எரியும், நின்றுகொண்டே இருந்தால் முகத்துக்கு ஏறும், உருண்டால் அணையும். விரல் சுட்டுவிட்டால் உருளத் தேவையில்லை. குழாயைத் திறந்து 20 நிமிடம் தண்ணீரில் காட்ட வேண்டும். நன்றாகத் தலையாட்டினான். மறுநாள் காலை, இஸ்திரி போட்ட கையோடு சட்டையை மாட்டிவிட்டேன். "சட்டை சுடுதுப்பா!" என்றான். அப்புறம் என்ன, உருண்டான். இஸ்திரி போன இடம் தெரியவில்லை.

சாலைப் பாடத்தில் வேறு மாதிரிச் சிக்கல். இரண்டு பக்கமும் பார் என்றால் கழுத்து மட்டும் மின்விசிறி மாதிரி திரும்பும், கண் எதையும் பார்க்காது. அதனால் "வர்ற வண்டி என்ன நிறம்?" என்று கேட்க ஆரம்பித்தேன். இப்போது நிஜமாகவே பார்க்கிறான். ஆனால் கண்ணுக்கெட்டிய வண்டிக்கெல்லாம் நிறம் சொல்லி முடிக்காமல் நகர மாட்டேன் என்கிறான். நிறுத்தியிருக்கும் கார்களுக்கு நடுவே புகுந்து கடக்கக் கூடாது, ஓட்டுகிறவருக்கு உன் உயரமே தெரியாது என்றதற்கு மட்டும் கோபம். அவன் வளர்ந்துவிட்டானாம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒத்திகை. புகை மேலே ஏறும், தரையை ஒட்டித்தான் மூச்சுவிடக் காற்று இருக்கும், ஆகவே எல்லோரும் தவழ வேண்டும். மூட்டுவலித் தாத்தாவுக்கும் விலக்கு கிடையாது. மூடிய கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், சுட்டால் திறக்கக் கூடாது. கட்டிலுக்கடியில் ஒளியக் கூடாது. (இது அவனுக்காகச் சொன்னது, அதிகாரி எங்களுக்குச் சொல்கிறார்.) வெளியே வந்ததும் கேட்டருகே கூட வேண்டும், எதற்காகவும் உள்ளே திரும்பக் கூடாது.

கேட்டருகே தலைகளை எண்ணினான். ஒன்று குறைந்தது. தாத்தா கண்ணாடியை எடுக்க உள்ளே போயிருந்தார்.

"தாத்தா அவுட்! எல்லாரும் முதல்லேர்ந்து!"

தாத்தா கண்ணாடியை மூக்கில் மாட்டியபடியே வெளியே வந்தார். "இனிமே இதைப் போட்டுக்கிட்டே தூங்குறேன் சாமி, மறுபடியும் தவழ மட்டும் சொல்லாதே" என்றார்.