"திருத்தி அனுப்புங்களேன்"

"டாக்குமென்ட்டில் தப்பு இருந்தால் நீங்களே திருத்தி ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்புங்களேன்." கட்டற்ற மென்பொருளுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் எல்லோரும் சொல்வதுதான். நானும் சொன்னேன். நாம் செய்த திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று, கோடு இருக்கும் கிட்ஹப் தளத்தில் கேட்பதுதான் புல் ரிக்வெஸ்ட். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் பாறசாலையிலிருந்து பேசிய ஒரு மாணவி "சரி அண்ணா" என்று போனை வைத்தார். அதன் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

அவர் மாட்டிக்கொண்ட இடம் இது. எங்கள் பிராஜெக்ட்டை நிறுவும் வழிகாட்டியில் குளோன் செய்த, அதாவது கோடை இறக்கிக்கொண்ட கையோடு, பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் இன்ஸ்டால் வரும். அவருடைய லேப்டாப்பில் இருந்தது டெபியன் 12 என்ற லினக்ஸ். 2023-இல் வந்த அந்தப் பதிப்பில், சிஸ்டத்தின் பைத்தானுக்குள் பிப் நேரடியாக எதையும் நிறுவ முடியாது. 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்' என்று சொல்லி நின்றுவிடும். சிஸ்டத்தின் சில வேலைகளுக்கும் அதே பைத்தான்தான் வேண்டும். டெபியனின் சொந்த நிறுவியான ஆப்ட் வைத்ததன் மேல் பிப் வேறு பதிப்பைக் கொண்டுவந்து வைத்தால் எது நின்றுபோகும் என்று சொல்ல முடியாது. பூட்டு போட்டது நியாயம். ஆனால் அந்தப் பிழைச் செய்தியிலேயே, 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற ஆப்ஷனைப் போட்டால் பூட்டைத் தாண்டலாம் என்றும் இருக்கும்.

"கம்ப்யூட்டரை உடைக்கவான்னு கேக்குது அண்ணா. இது அக்காளுக்க லேப்டாப்பு."

அவர் அங்கேயே நிறுத்தியது சரியான முடிவு. அதே செய்தி சொல்லும் இன்னொரு வழியான வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டையும், அதாவது சிஸ்டத்தைத் தொடாமல் பிராஜெக்ட்டுக்கென்று தனியாக ஒரு பைத்தான் இடத்தையும், முயன்று பார்த்திருக்கிறார். 'என்ஷூர்பிப்' இல்லை என்று அதுவும் நின்றிருக்கிறது. டெபியனில் அது தனிப் பேக்கேஜ். முதலில் ஆப்ட் மூலம் 'பைத்தான்3-வென்வ்' நிறுவ வேண்டும், பிறகு பிராஜெக்ட் ஃபோல்டருக்குள் என்விரான்மென்ட் உருவாக்கி ஆக்டிவேட் செய்ய வேண்டும், அதன் பிறகே பிப். ஆக்டிவேட் ஆனதும் டெர்மினலில் பிராம்ப்ட்டுக்கு முன்னால் அதன் பெயர் அடைப்புக்குறிக்குள் தெரியும். தெரியாவிட்டால் மேலே போகக் கூடாது. டெர்மினலை மூடித் திறந்தால் மறுபடியும் ஆக்டிவேட். இந்தக் கடைசி வரியை எழுத மறந்த வழிகாட்டியை நம்பியவருக்கு மறுநாள் காலையில் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' வரும். நேற்று ஓடியது இன்று ஓடாவிட்டால் புதியவர் தன்னைத்தான் சந்தேகப்படுவார்.

இத்தனைக்கும் தானாக ஓடும் எங்கள் சோதனைகள் எல்லாம் பச்சையாகவே, அதாவது பிழையில்லாமலே, இருந்தன. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் தனியாக இறக்கி நிறுவும் பைத்தானிலும், கன்டெய்னர் என்ற தனிச் சூழலில் ஓட்ட உதவும் டாக்கரின் அதிகாரப்பூர்வ பைத்தான் இமேஜிலும் அந்தப் பூட்டு கிடையாது. வழிகாட்டியில் உள்ள கமாண்டுகளை வெறும் டெபியன் 12 இமேஜில், எழுதிய வரிசையிலேயே ஓட்டினால்தான் புதியவருக்கு வருவது நமக்கும் வரும். அதிலும் ஒரு குறை உண்டு: கன்டெய்னரில் நாம் எல்லா அனுமதியும் உள்ள ரூட் யூசராக இருப்போம், அந்த அனுமதியைக் கேட்டு வாங்கும் சூடோ கமாண்டு இருக்காது, அனுமதிச் சிக்கல்கள் கண்ணில் படாது. அதனால் ரூட் அல்லாத ஒரு யூசரை உருவாக்கி மீண்டும் ஒரு முறை ஓட்ட வேண்டும்.

இதெல்லாம் அவரிடம் பேசிய அன்று எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். பிழைச் செய்தியைக் கேட்டதும் காரணம் தெரிந்துவிட்டது என்பதுதான் உண்மை. இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கும் காரணம் வைத்திருந்தேன்: நான் திருத்தினால் அது பதிவாகும் இன்னொரு மாற்றம், இன்னொரு கமிட், அவர் திருத்தினால் அது அவருடைய முதல் பங்களிப்பு. அந்த வழியாக உள்ளே வந்து தங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்போதும் அது நல்ல வழி என்றே நினைக்கிறேன்.

ஆனால் இடறிய இடத்தைக் காட்ட அவரால் முடியும். அங்கே கல் ஏன் கிடக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? திருத்தி அனுப்ப ஃபோர்க் (தனக்கென ஒரு நகல்), பிராஞ்ச் (அதில் ஒரு கிளை), புஷ் (மாற்றத்தைத் தளத்துக்கு ஏற்றுவது) மூன்றும் வேண்டும். புஷ் செய்யும்போது பாஸ்வேர்டு கொடுக்கச் சொன்னது எங்கள் வழிகாட்டி. கிட்ஹப் அதை 2021 ஆகஸ்ட் 13-இலேயே நிறுத்திவிட்டது, டோக்கனோ எஸ்எஸ்எச் சாவியோ வேண்டும். கிட்ஹப் பக்கத்திலேயே பென்சில் படத்தை அழுத்தித் திருத்தலாம், ஃபோர்க்கை அதுவே எடுத்துக்கொள்ளும். அந்த ஒன்றையாவது சொல்லியிருக்கலாம்.

வழிகாட்டியைத் தமிழிலும் வைத்தால் இந்தத் தடை குறையும் என்று அவரிடமே சொன்னேன். "தமிழ் பேசுவேன் அண்ணா, வாசிக்க வராது. படிச்சது மலையாளம்" என்றார். 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு இந்தப் பக்கம் தமிழர்களோடு வந்தது, பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம் கேரளத்தில் நின்றது. எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டினால் தமிழ் பேசும் பல வீடுகளில் பள்ளிப்பாடம் மலையாளம். இங்கேயே இருந்தும் வழிகாட்டி எழுதும்போது இது எனக்குத் தோன்றவில்லை. இப்போது ஒவ்வொரு கமாண்டுக்கும் கீழே திரையில் என்ன தெரிய வேண்டும் என்பதை ஒரு படமாக வைத்திருக்கிறோம், தமிழில் பேசிப் பதிந்த ஓர் ஒலிக்கோப்பும் இருக்கிறது. படங்கள் சீக்கிரம் பழசாகிவிடும் என்று பிராஜெக்ட்டைப் பராமரிக்கும் இன்னொரு மெயின்டெயினர் எதிர்க்கிறார். அவர் சொல்வதும் சரிதான். கமாண்டு மாறினால் சோதனை சிவப்பாகும். படம் பழசானால் சொல்ல ஆள் இல்லை.

அந்த வரிகளைக் கடைசியில் நான்தான் திருத்தினேன். கமிட் செய்தியின் அடியில் 'கோ-ஆத்தர்ட்-பை' என்று ஒரு வரி சேர்த்தால் இன்னொருவர் பெயரும் பதிவாகும். அதற்கு அவருடைய மின்னஞ்சல் வேண்டும். கேட்டு வாங்கியிருக்கவில்லை. போன் நம்பர் இருக்கிறது, இத்தனை நாள் கழித்துக் கூப்பிட்டு அதைக் கேட்பதா என்று தயங்கிக்கொண்டிருக்கிறேன். எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேம் போட்டுப் பார்த்தால் 'பைத்தான்3-வென்வ்' வரிக்கு நேராக இன்றைக்கும் என் பெயர் மட்டும்தான் வருகிறது.